அண்ணாச்சியின் எச்சில் இலை

எங்கள் அப்பா ஆவுடையப்பன் ஒரு மத்தியான நேரத்தில், மோர்ச்சோற்றை அள்ளி வாய்க்குக் கொண்டுபோகிற வழியிலேயே செத்துப்போனார். அவர் கை விழுந்த இலை அதற்குப் பிறகு வாடவும் இல்லை, அவர் அதில் மிச்சம் வைத்த சோறு குறையவும் இல்லை. மதுரையில் என் வீட்டுப் பக்கம் இதைச் சொன்னால் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். ஆற்றங்கரையில் வாழைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிற எங்கள் ஊரான திருமலைப்பேரியில் யாரும் அப்படிப் பார்க்கவில்லை. "எலைக்கார அண்ணாச்சி எலை வாடாம இருக்குததுல என்னவே அதிசயம், வாடுனாத்தான் அதிசயம்" என்று சொல்லிக்கொண்டே பாடைக்கு மூங்கில் வெட்டப் போய்விட்டார்கள்.

அப்பா வாழை இலை வியாபாரி. கடைவீதியில் மண்டி, வீட்டுக்குப் பின்னால் இலைக்கட்டுகளை அடுக்கிவைக்க ஒரு கொட்டகை. சுற்றுவட்டாரத்தில் கல்யாணம் என்றாலும், காதுகுத்து என்றாலும், கருமாதி என்றாலும் இலை எங்கள் மண்டியிலிருந்துதான் போகும், இலையோடு அப்பாவும் போவார், போய்ப் பந்தி விசாரிப்பார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாழைக்கறை ஏறிக் கருத்துப்போன விரல்களை நீட்டி, "இந்த எலைக்குச் சாம்பார் எங்கவே, அந்தப் பிள்ளைக்கு இன்னொரு அப்பளம் வைங்கவே, பெரியவருக்குப் பாயசம் காணாது பாருங்கவே" என்று அவர் வரிசை வரிசையாக நடந்து வருவதைப் பார்த்தே ஊருக்கு வயிறு குளிர்ந்துவிடும். இலையில் ஒரு கீறல் இருந்தால் மாற்றச் சொல்வார், ஒருத்தர் சாப்பிட்டு எழுந்த இடத்தைத் தண்ணீர் தெளித்துத் துடைக்காமல் அடுத்தவரை உட்காரவிட மாட்டார், அடுத்தவன் எச்சிலில் ஒரு மனுசன் உட்காருவதா என்று பந்தலே அதிரக் கத்துவார். மகராசன் என்று ஊர் அவரைக் கொண்டாடியது. அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வாயில் புளித்த தண்ணீர் ஊறும், ஏனென்றால் கட்டுக்கட்டாக இலை விற்ற அந்த மகராசன் வீட்டில் எங்கள் அம்மா செண்பகவடிவுக்கு என்று ஒரு இலை கிடையாது.

அம்மா, அப்பா சாப்பிட்டு எழுந்த இலையில்தான் சாப்பிட்டாள். கல்யாணமான மறுநாள் உட்கார்ந்தவள், அவர் சாகிற வரைக்கும் அங்கேயேதான் உட்கார்ந்தாள். மற்ற வீடுகளில் இந்த வழக்கம் விருந்துநாள், விசேஷநாள் என்று சுருங்கி, பிறகு அதுவும் போய், புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு தட்டில் சாப்பிட்டுவிட்டு டிவி பார்க்கத் தொடங்கியிருந்த காலத்திலும் எங்கள் வீட்டில் அது ஒருநாள்கூட விட்டுப்போகவில்லை.

அப்பா சாப்பிடுவதை நான் சொல்லியாக வேண்டும், சொல்லும்போதே எனக்குக் குமட்டும், இருந்தாலும் சொல்கிறேன். குழம்பைப் பிசைந்து முழங்கை வரைக்கும் வழியவிட்டு, வழிந்ததை நாக்கால் மேலே ஏற்றிக்கொண்டு வருவார். முருங்கைக்காயைப் பல்லில் கொடுத்து இழுத்து, உறிஞ்சி, மென்று, நாராகும் வரைக்கும் மென்று, அந்தச் சக்கையை உருண்டையாகத் துப்பி இலையின் ஓரத்தில் வைப்பார், அதன் பக்கத்தில் சப்பிய கறிவேப்பிலை, அதன் பக்கத்தில் கடித்துவிட்டு வேண்டாமென்று வைத்த மிளகாய், பல் பதிந்த அப்பளம். கடைசியில் மோர் ஊற்றி, உள்ளங்கையைக் குவித்து, சளப் சளப்பென்று உறிஞ்சி, நடு இலையில் ஒரு வெள்ளைக் குட்டையை மிச்சம் வைப்பார். பிறகு இலையின் நரம்பையே கிழித்துப் பல் குத்தி, குத்தின நரம்பையும் அந்தக் குட்டையிலேயே போட்டுவிட்டு, ஒரு ஏப்பம் விட்டு, "வாயில வைக்க வெளங்கல" என்று சொல்லிவிட்டு, "ஏளா, உக்காரு" என்பார்.

அம்மா உட்காருவாள். பலகையில் அவர் சூடு ஆறியிருக்காது. சக்கையை ஒரு விரலால் ஒதுக்கிவிட்டு, அந்த வெள்ளைக் குட்டையிலேயே தன் சோற்றைப் போட்டுக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் தின்று முடிப்பாள். எந்தக் குழம்பை ஊற்றினாலும் அது புளித்த மோராகிவிடும், எந்தக் கூட்டை வைத்தாலும் அதில் அவர் வாய் வாடை ஏறிவிடும். சமைக்கும்போது ஒரு துளி உள்ளங்கையில் விட்டு ருசி பார்ப்பதும் கிடையாது, புருஷனுக்கு முன்னால் வாய் வைத்தவள் என்று ஆகிவிடுமாம். வந்தவர்கள் எல்லாம் இதைப் பார்த்துவிட்டு, "இந்தக் காலத்துல இப்படி ஒரு பொம்பளையா" என்று உருகிப்போனார்கள். அப்பா மீசையைத் தடவிக்கொண்டார்.

நான் சிறுபிள்ளையாக இருந்தபோது ஒருநாள் அந்த இலையிலிருந்து ஒரு கவளத்தை உருட்டி, "வா உலகு, அப்பா வாய்" என்று நீட்டினார். உலகம்மை என்பது என் பெயர். வாங்கிக்கொண்டேன், வாங்கின வேகத்தில் அவர் மடியிலேயே வாந்தி எடுத்தேன். அவர் அடிக்கவில்லை. அவர் யாரையும் அடித்ததே இல்லை, எனக்குக் காய்ச்சல் என்றால் மண்டியைப் பூட்டிவிட்டு வந்து தலைமாட்டில் உட்கார்ந்துகொள்வார், அதெல்லாம் உண்மை. சிரித்துக்கொண்டே வேட்டியை மாற்றிக்கொண்டு, "பெத்த அப்பன் எச்சி இவளுக்கு ஒமட்டுதாம், நாளைக்கு எந்தப் புருசன் எலையில போய் உக்காருவா" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார், அவர்களும் சிரித்தார்கள். காய்ச்சலில் என் நெற்றியைத் தொட்ட கையும் அந்தக் கைதான் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெற்றியைக் கழுவவேண்டும் போலிருக்கிறது.

அவர் செத்த அன்று இலையை எடுக்க வந்தது பிரமு அத்தை, அப்பாவின் தங்கை, எதிர்வீட்டுக்காரி. அவள் மடிக்க மடிக்க இலை விரிந்துகொண்டது. அப்படியே தூக்கிக் கொல்லையில் போட்டுவிட்டு வந்தாள், திரும்பிப் பார்த்தால் இலை பழைய இடத்தில், அப்பாவின் பலகைக்கு முன்னால், நுனி இடதுபக்கம் இருக்க ஒழுங்காகக் கிடந்தது. பிணத்தை எடுத்து முடிந்து, குளித்துவிட்டு எல்லோரும் வீடு திரும்பியபோது அம்மா ஈரத்தலையோடு போய் அந்த இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள். யாரும் சொல்லி உட்காரவில்லை, கால் பழகிய வழியில் போய்விட்டது. அவள் தின்று எழுந்ததும் இலை பழையபடி ஆனது: அதே சக்கை, அதே அப்பளம், அதே வெள்ளைக் குட்டை.

பதினாறாம் நாள் அம்மாவின் தாலியைக் கழற்றி வாங்க வந்த பெண்கள் இலையைப் பார்த்துவிட்டுத் தயங்கி நின்றார்கள். பிரமு அத்தைதான் தீர்ப்புச் சொன்னாள்.

"எலைய மூடாம பந்தி முடிஞ்சதா கணக்கு உண்டா? எங்க அண்ணன் இன்னும் சாப்பிட்டு முடிக்கல. சாப்பிட்டுக்கிட்டு இருக்குதவன் பொண்டாட்டிக்குத் தாலி வாங்குவாகளா?"

அதுவும் சரிதான் என்று எல்லோருக்கும் பட்டது. அம்மாவின் நெற்றியில் குங்குமம் அப்படியே இருந்தது, கழுத்தில் தாலி அப்படியே இருந்தது, தலையில் பூ வைத்துவிட்டார்கள். செத்தவன் பெண்டாட்டியாகவும் இல்லாமல் இருப்பவன் பெண்டாட்டியாகவும் இல்லாமல் அம்மா தினமும் மத்தியானம் பலகையில் உட்கார்ந்து அப்பாவின் எச்சிலைத் தின்றாள். நான் மதுரைக்குத் திரும்பினேன். எனக்கு வேலை இருந்தது, வீட்டுக்காரர் இருந்தார், எங்கள் இரண்டு பேருக்கும் இரண்டு எவர்சில்வர் தட்டுகள் இருந்தன.

பிறகு ஊர் வரத் தொடங்கியது. முதலில் வயிற்றுவலிக்காரர்கள் வந்து, அம்மா தின்று எழுந்ததும் இலையில் மறுபடி ஊறுகிற சோற்றில் ஒரு சிட்டிகை வாங்கிப்போனார்கள். வயிற்றுவலி போயிற்றா என்று தெரியாது, ஆனால் வாங்கிப்போனவர்கள் யாரையாவது அழைத்துவந்தார்கள், அந்த யாராவது இன்னும் யாரையாவது அழைத்துவந்தார்கள். பந்தல்கார சுடலைமுத்து வாசலில் தகரக் கொட்டகை போட்டான், ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை என்று சவுக்குக்கட்டை கட்டினான், ஒலிபெருக்கி வைத்தான். கோயில் குருக்கள் வந்து பார்த்துவிட்டு, எச்சிலுக்குத் தீபாராதனை காட்டச் சாஸ்திரத்தில் இடமில்லை, ஆனால் சூடம் காட்டுவதை யாரும் தடுக்க முடியாது என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்குள் ஈ மொய்ப்பதைப் போல மனிதர்கள் மொய்த்தார்கள்.

அதற்குப் பிறகுதான் மாமியார்கள் வந்தார்கள். அந்தச் சோற்றில் ஒரு வாய் தின்ற மருமகள் எதிர்த்துப் பேசுவதில்லை என்று எப்படியோ ஒரு பேச்சுக் கிளம்பியது, பேச்சுக்கு ஏற்றாற்போல நடக்கவும் நடந்தது. தின்றுவிட்டுப் போன பெண்கள் வீட்டில் தங்கள் தட்டுகளைக் கழுவிப் பரணில் கவிழ்த்துவிட்டு, புருஷன்மார் எழுந்த இலையில் தாமாகவே போய் உட்கார்ந்தார்கள். கல்யாணப் பந்தியில் ஆண்கள் எழ எழ அதே இலையில் பெண்களை உட்காரவைத்தார்கள். கடைவீதி ஓட்டலில் தம்பதியாக வந்தால் ஒரே இலைதான் போட்டார்கள், அதை நல்ல பழக்கம் என்று பலகையில் எழுதியும் வைத்தார்கள். ஊரில் பாதி இலைக்கு வேலை இல்லாமல் போய், மண்டிகளில் இலைக்கட்டுகள் அழுகி, தெருவெல்லாம் ஒரு கொழகொழத்த நாற்றம் கிளம்பியது. யாரும் மூக்கைப் பொத்தவில்லை. அதைப் பிரசாத வாசனை என்றார்கள்.

இதையெல்லாம் தொலைபேசியில் கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஊருக்குப் போய் அம்மாவைப் பார்த்தபோது பயம் வந்தது. அவள் ரவிக்கை தோளில் நிற்கவில்லை. வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. குறையாத சோறு வயிற்றை எப்படி நிறைக்கும்? அவள் தின்றதெல்லாம் இலைக்கே திரும்பிவிட்டது, அவளுக்குள் எதுவும் தங்கவில்லை. வேறு எதையும் தின்னவும் அவளை விடவில்லை. புருஷன் இலை விரிந்து கிடக்கும்போது இன்னொரு சோற்றைத் தொடுவதாவது என்று அத்தை அடுப்படியைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டிருந்தாள். எங்கள் அம்மா தினமும் சாப்பிட்டுக்கொண்டே பட்டினியில் செத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, என்கூட வந்துரு" என்றேன்.

"எப்படிட்டி வர? போன மாசம் காய்ச்சல்ல ஒருநாள் நான் உக்காரல, எலை மஞ்சப் பூத்துட்டு. ஊரே பதறிப்போச்சு. சேர்ல வச்சுத் தூக்கிட்டு வந்து உக்காரவச்சாவ."

"வாடட்டுமே. உனக்கு என்ன?"

"அவுக சாப்பிட்டுக்கிட்டு இருக்காவள்லா" என்றாள் அம்மா. எனக்கு அவளைப் பிடித்து உலுக்கவேண்டும் போலிருந்தது.

பேருந்து நிலையத்துக்குப் போய் இட்லி வாங்கிவந்தேன். அவள் அறைக்கதவைச் சாத்திவிட்டு, ஒரு சுத்தமான தட்டில் பிரித்து வைத்தேன். அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். விரல்கள் இட்லி வரைக்கும் போயின, திரும்பி மடிக்கு வந்துவிட்டன. கடைசியில் மெதுவாக, "யாராச்சும் கொஞ்சம் தின்னுட்டு வச்சா எறங்கும். நீ ஒரு வாய் தின்னுட்டுக் குடேன்" என்றாள்.

மாட்டேன் என்றேன். ஒரு வாய்தானே, தின்றுவிட்டுக் கொடுத்தால் என்ன, அவள் உயிர் பிழைக்கட்டுமே என்று நீங்கள் கேட்கலாம். என் எச்சிலைத் தின்று என் அம்மா உயிர் பிழைப்பது எனக்கு அப்பா எச்சிலைவிட அருவருப்பாக இருந்தது. இட்லி காய்ந்துபோனது. நாய்க்குப் போட்டேன், அது சந்தோஷமாகத் தின்றது.

மறுநாள் வெள்ளிக்கிழமை, கூட்டம் சவுக்குக்கட்டையை முறித்துக்கொண்டு நின்றது. மத்தியானம் அத்தை அம்மாவின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவந்து பலகையில் உட்காரவைத்தாள். அண்ணாச்சி பெண்டாட்டி ஊருக்கெல்லாம் மைனி, அதாவது அண்ணி; சுடலைமுத்து ஒலிபெருக்கியில், "மைனி உக்காந்தாச்சு, தள்ளாதிய, எல்லாருக்கும் கிடைக்கும்" என்றான். அம்மா சக்கையை ஒதுக்கினாள், மோர்ச்சோற்றை அள்ளினாள், ஒரு வாய் வைத்தாள், இன்னொரு வாய் வைத்தாள். மூன்றாவது கவளத்தில் அவள் முதுகு வில்லாக வளைந்தது. எல்லாமும் வெளியே வந்தது. மஞ்சளும் வெள்ளையுமாக இலை முழுக்க, பலகை முழுக்க, அவள் மடி முழுக்க.

இனி முடிந்தது, எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள் என்று நான் நினைத்தேன். எனக்கு அந்த ஊரைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை.

"எதுக்கு எல்லாரும் பேயறைஞ்ச மாதிரி நிக்கிய?" என்றாள் அத்தை. "பத்தினி வயித்துல கெடந்துட்டு வந்துருக்கு. சும்மா எலையில கெடக்குதத விட இதுக்குல்லா பலன் ஜாஸ்தி!"

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது, பிறகு ஆமாம் ஆமாம் என்றது, பிறகு முன்னால் நெருக்கியது. முதல் வரிசையில் ஒரு மாமியார் புதுப்பெண் ஒருத்தியைத் தள்ளிக்கொண்டு வந்து இலைக்கு முன்னால் உட்காரவைத்தாள். அந்தப் பெண்ணின் கழுத்தில் மஞ்சள் கயிறு புத்தம்புதிதாக இருந்தது, கையில் மருதாணி இன்னும் மங்கவில்லை. "எடுத்து வாயில போடு. மொத ஆளா நமக்குக் கிடைச்சிருக்கு, கொடுத்து வச்சிருக்கணும்" என்று மாமியார் அவள் மணிக்கட்டைப் பிடித்து இலைக்குள் வைத்தாள். அந்தப் பெண் அழவில்லை. விரல்கள் கூடி, ஒரு சிட்டிகை எடுத்துவிட்டன. கை மேலே வரத் தொடங்கியது.

அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். வாயைக்கூடத் துடைக்காமல், வளையல் நிற்காத அந்தக் குச்சிக் கையால், இறுக்கிப் பிடித்தாள்.

"தின்னாதட்டி" என்றாள். "நல்லாருக்காது. நான் தின்னுருக்கேன்."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் சுடலைமுத்து ஒலிபெருக்கியை அணைக்காமல் வைத்திருந்தான், அதனால் அது தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

"மைனி, என்ன பேச்சுப் பேசுதிய!" என்று அத்தை பதறினாள். அம்மா அந்தப் பெண்ணின் விரல்களைத் தன் முந்தானையால் ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டாள். பிறகு சுவரைப் பிடித்து எழுந்து, சோறு இருக்கிற இலையைத் தாண்டினாள், எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் செய்யத் துணியாத காரியம், அப்பாவின் இலையைக் காலால் தாண்டி என்னிடம் வந்தாள். நான் அத்தை இடுப்பில் இருந்த சாவியைப் பிடுங்கிக்கொண்டேன். இரண்டு பேரும் உள்ளே போய் நடைக்கதவைத் தாழ்போட்டோம்.

அம்மா தண்ணீர்த்தொட்டியில் முகம் கழுவினாள், வாய் கொப்பளித்தாள், மறுபடி மறுபடி கொப்பளித்தாள். அடுப்படியைத் திறந்ததும் எனக்கு ஒரு வேலையும் கொடுக்கவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தாலும் அவளே அரிசி களைந்தாள், அவளே புளி கரைத்தாள், கொல்லையில் நின்ற கத்திரிச்செடியில் பிஞ்சாகப் பறித்துவரச் சொன்னாள், தாளித்தாள். வெளியே கதவை இடித்தார்கள். அவள் காதில் வாங்கவில்லை. குழம்பு கொதிக்கும்போது பின்கட்டுக் கொட்டகைக்குப் போனாள். மண்டியில் விலைபோகாமல் திரும்பிவந்து அழுகிய கட்டுகளுக்கு அடியில் கையை விட்டுத் தேடி, கீறல் இல்லாத ஒரு நுனி இலையை உருவி எடுத்து, கழுவி, உதறி, அடுப்படித் தரையில் போட்டாள்.

அதற்கு முன்னால் உட்கார்ந்தாள். இலை பச்சையாக, வெறுமையாக இருந்தது. எங்கிருந்து தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். நான் சோறு வைத்து, கத்திரிக்காய்க் குழம்பை ஊற்றினேன். ஆவி அவள் முகத்தில் அடித்தது. பிசைந்தாள். ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தாள்.

மென்றாள். அவள் புருவம் சுருங்கியது. இதையும் வாந்தி எடுக்கப்போகிறாள் என்று பயந்து நான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவள் கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு, விழுங்கினாள்.

"ஏட்டி உலகு, இது நான் வச்ச கொழம்புதான?"

"ஆமாம்மா. இப்பதான வச்சே."

இன்னொரு கவளம் எடுத்தாள். இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு மென்றாள்.

"நல்லாருக்கேட்டி" என்றாள், யார்மேலோ குற்றம் சொல்வதைப் போல. பிறகு அவள் குரல் உடைந்தது. "இம்புட்டு நல்லாருக்கே. இதையா அவன் இத்தன வருசமும் வாயில வைக்க வெளங்கலன்னு சொல்லிச் சொல்லித் தின்னான்?"

அப்போது நடைக்கதவுக்கு வெளியே அத்தை தலையில் அடித்துக்கொண்டு கத்தினாள். "மைனி! எலை நுனி சுருளுது மைனி! மஞ்சப் பூக்குது! எங்க அண்ணன் சோறு காயுது! ஒரு வாய், ஒரே ஒரு வாய் வச்சிட்டுப் போயிருங்க!" அவளோடு சேர்ந்து ஊரே கத்தியது.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள், குழம்பு படாத இடதுகையால்.

"இன்னுங் கொஞ்சம் சோறு போடுட்டி" என்றாள். "கத்திரிக்காய நல்லா அடியில இருந்து அள்ளி வை."